அண்ணிக்கு மூக்குப் பயிற்சி

என் வேலை தண்ணீரை முகர்வது. இதைச் சொன்னதும் எதிரே இருப்பவருக்குச் சிரிப்பு வரும். தண்ணீருக்கு ஏது வாசனை என்று கேட்பார்கள். இல்லை என்று உறுதி செய்யத்தான் சம்பளம் தருகிறார்கள் என்று நானும் சளைக்காமல் சொல்வேன்.

குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் மூக்குக் குழு என்று ஒன்று உண்டு. ஐந்து பேர். அதை நடத்துவதும், புதிதாக வருகிறவர்களின் மூக்கைப் பழக்குவதும் என் பொறுப்பு. ஏரித் தண்ணீர், வடிகட்டிய தண்ணீர், குழாயில் போகும் தண்ணீர் எல்லாவற்றையும் தினமும் கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றி இளஞ்சூடாக்குவோம். மூடியோடு குலுக்கி, திறந்து, சின்னதாக ஒரு மூச்சு இழுக்க வேண்டும். மண் வாடையா, பாசி வாடையா, மருந்து வாடையா, ஒன்றுமே இல்லையா என்று மனதுக்குள் முடிவு செய்ய வேண்டும். முகத்தைச் சுளிக்கக் கூடாது. ஒருவர் சுளித்தால் அடுத்தவர் மூக்கும் அதையே கண்டுபிடித்துவிடும். மூக்கு அலுத்துப்போனால் அவரவர் முழங்கை மடிப்பை முகர்ந்துகொள்வோம். சொந்த உடம்பின் வாசனை மூக்குக்கு ஓய்வு. அப்புறம், குடுவை வரிசையில் ஒன்றில் எப்போதும் வெறும் சுத்த நீர் இருக்கும். எது என்று முகர்கிற யாருக்கும் தெரியாது. இல்லாத வாசனையை இருப்பதாகச் சொல்கிற மூக்கை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

இந்த வேலைக்காக நான் வாசனை சோப்பு போடுவதில்லை, பவுடர் பூசுவதில்லை, தலைக்குத் தடவுவதும் மணமில்லாத எண்ணெய். "உங்க வீட்டம்மா குளிப்பாங்களா?" என்று என் கணவரை அவருடைய நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். அவருக்கு அதிலெல்லாம் வருத்தமில்லை. அவருக்கு மூக்கு இருப்பதே கண்ணாடி மாட்டுவதற்குத்தான். தன் காலுறையைத் தானே கண்டுகொள்ள மாட்டார்.

அந்தக் குடும்பத்து மூக்கெல்லாம் மொத்தமாக அவருடைய அக்காவுக்குப் போய்விட்டது. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணி ஒரு ரொட்டிக் கடையில் அடுப்பு மாஸ்டர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். அடுப்பைத்தான் கட்டிக்கொண்டாள் என்பார் என் கணவர். விடுமுறை நாளில் எங்கள் வீட்டுக்கு வருவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"நேத்து பால் பொங்கி வழிஞ்சுதா?"

"இல்லையே அண்ணி."

"அடுப்புக்குக் கீழ துடைச்சியா?"

துடைத்திருக்க மாட்டேன். ஊருக்கே தண்ணீர் முகர்ந்து சொல்கிறவள் தன் வீட்டு அடுப்படியில் கோட்டை விட்டுவிட்டாள் என்பதில் அண்ணிக்கு அப்படி ஒரு ஆனந்தம். என்னைத் தண்ணிக்காரி என்றுதான் கூப்பிடுவார். அவர் வருகிற நாளுக்கு முந்தின மாலையில் நான் அலமாரி, குப்பைத்தொட்டி, குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றிலும் மூக்கை விட்டுத் துழாவிவிடுவேன். அப்படியும் ஏதாவது மாட்டும். எரிச்சலாக வரும். கூடவே, இந்த மூக்கு நம் குழுவில் இருந்தால் எப்படி இருக்கும் என்று பொறாமையாகவும் இருக்கும்.

அந்த வருடம் ஊரில் பாதிப் பேரைப் போல அண்ணிக்கும் ஒரு காய்ச்சல் வந்து போனது. குணமானபின் முதல்முறையாக வீட்டுக்கு வந்தார். அன்றைக்கென்று நான் பாலைத் தீய வைத்திருந்தேன். ஜன்னலைத் திறந்து, விசிறி போட்டு, என்னென்னவோ செய்தும் வாடை போகவில்லை. இன்றைக்கு நமக்கு மண்டகப்படிதான் என்று காத்திருந்தேன். அண்ணி உள்ளே வந்தார், உட்கார்ந்தார், காபியைக் குடித்தார். "நல்லா இருக்கு" என்றார்.

அண்ணி என் காபியை நல்லா இருக்கு என்று சொன்னதே கிடையாது. தீய்ந்த பால் பாத்திரத்தை எடுத்து வந்து, எதையோ தேடுவதுபோல அவர் பக்கத்தில் வைத்தேன். அவர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, உங்களுக்கு வாசனை தெரியுதா?"

"தெரியாம என்ன?"

"அப்ப இங்க என்ன தீஞ்சிருக்குன்னு சொல்லுங்க."

அவர் பாத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"உன் புருஷன்கிட்ட சொல்லாதே" என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். காய்ச்சல் விட்ட அன்றே ஒன்றும் தெரியவில்லையாம். சளி போனால் வந்துவிடும் என்று வேலைக்குப் போயிருக்கிறார். ஒரு தட்டு முழுக்க ரொட்டி கரியாகியிருக்கிறது. பக்கத்திலேயே நின்ற அண்ணிக்குத் தெரியவில்லை. முன்பக்கம் கல்லாவில் இருந்த முதலாளி ஓடி வந்திருக்கிறார். இன்னொரு நாள் கெட்டுப்போன வெண்ணெயை மாவில் போட்டுவிட்டார். முதலாளி நல்ல மனிதர். கொஞ்ச நாள் முன்பக்கம் நின்று விற்பனையைப் பாருங்கள், சரியாகவில்லை என்றால் வேறு மாஸ்டரைத்தான் பார்க்க வேண்டும் என்று தன்மையாகவே சொல்லியிருக்கிறார்.

"கடிகாரம் வச்சு எடுக்க முடியாதா அண்ணி?"

"நீ வேற. மாவு ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இருக்காது. அந்த அடுப்பும் கிழட்டு அடுப்பு. ஒரு பக்கம் காயும், ஒரு பக்கம் மந்தமா இருக்கும். கதவத் திறந்து திறந்து பாத்தா ரொட்டி அமுங்கிடும். மூக்குதான் சொல்லணும்." காலி டம்ளரைத் தள்ளி வைத்தார். "அடுப்பு இல்லன்னா நான் யாருன்னு எனக்கே தெரியல" என்றார்.

அண்ணி இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர்மேல் எனக்கிருந்த எரிச்சல் எல்லாம் அந்த நிமிடம் எங்கே போனதென்று தெரியவில்லை. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மருந்து என்று பெரிதாக எதுவும் இல்லை, தினமும் சில வாசனைகளை முகர்ந்து பழகச் சொல்லுங்கள், வரலாம், வராமலும் போகலாம் என்றார். பழக்குவதற்கு ஆள் வீட்டிலேயே இருக்கிறேனே என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

நான்கு சின்ன பாட்டில்கள் எடுத்தேன். ஒன்றில் கிராம்பு, ஒன்றில் எலுமிச்சைத் தோல், ஒன்றில் யூகலிப்டஸ் தைலம், ஒன்றில் காபித்தூள். உள்ளே இருப்பது தெரியாதபடி எல்லாவற்றுக்கும் கறுப்புக் காகிதம் சுற்றினேன். காலையில் நான் வேலைக்குப் போகும் வழியில் அண்ணி வீட்டுக்குப் போவேன். மாலையில் அவர் எங்கள் வீட்டுக்கு வருவார். விஷயம் தெரிந்ததும் என் கணவர் எதுவும் கேட்காமல் அக்காவுக்கு ஒரு நாற்காலியை ஜன்னல் ஓரம் போட்டுக் கொடுத்தார்.

அண்ணிக்கு ஒன்றைக் கற்றுக்கொடுப்பது லேசான காரியமில்லை.

"இவ்வளவு வேகமா இழுக்காதீங்க அண்ணி. சின்னச் சின்னதா இழுங்க."

"நான் அடுப்புல நிக்க ஆரம்பிச்சப்ப நீ பள்ளிக்கூடம் போயிட்டிருந்தே."

"அங்கதான் இதெல்லாம் படிச்சேன். மோந்து பாருங்க."

"ஒண்ணும் வரல."

"வராட்டியும் பரவாயில்ல. இது எப்படி இருக்கும்னு மனசுல நினைச்சுப் பாருங்க. மூக்கு மறந்தாலும் மண்டை மறந்திருக்காது."

"உனக்கு வாய் ஜாஸ்தி" என்பார். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு நினைப்பார். நினைக்கும்போது அவர் உதடு அசையும். காபி என்றால் சூடு பட்டதுபோல லேசாகக் குவியும், எலுமிச்சை என்றால் ஓரத்தில் சுருங்கும். என் குழுவில் எத்தனையோ பேரைப் பழக்கியிருக்கிறேன்; இவ்வளவு சிரத்தையாக யாரும் செய்ததில்லை.

முதலில் தைலத்தைச் சரியாகச் சொன்னார். பிறகு கிராம்பு. அப்புறம் ஒரு மாலையில் நான்கையும் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். நான்கையும் டக் டக்கென்று சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்படியில் இருந்த கணவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, அண்ணியை மறுபடி செய்து காட்டச் சொன்னேன். மறுபடியும் நான்கும் சரி. அவர் அக்காவின் தோளைத் தட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முதலாளிகிட்ட சொல்லிடட்டுமா?" என்று அண்ணி கேட்டார்.

"எங்க கொண்டாட்டத்துக்கு வாங்க. அங்க எல்லார் முன்னாடியும் காட்டிட்டு அப்புறம் சொல்லலாம்" என்றேன்.

ஏரியில் பாசி அடங்கினதும் எங்கள் குழு ஒரு கொண்டாட்டம் வைக்கும். வருடம் முழுக்கச் சேற்றையும் பாசியையும் முகர்ந்த மூக்குக்கு ஒரு நாள் விருந்து. ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு வாசனை கொண்டுவர வேண்டும். பொருளை அல்ல, அதன் வாசனை ஏறிய பஞ்சை மட்டும். ஒரே மாதிரி ஜாடிகளில் போட்டு மேஜைமேல் வரிசையாக வைப்போம். குடும்பத்தினரும் வருவார்கள். முகர்ந்து, கண்டுபிடித்து, அது அவரவருக்கு எதை ஞாபகப்படுத்துகிறது என்று பேசுவோம். பரிசெல்லாம் கிடையாது. அந்த வருடம் ஒருவர் தன் பேத்தியின் உச்சந்தலையைத் துடைத்த பஞ்சைக் கொண்டுவந்திருந்தார். அந்த ஜாடியை யாரும் கீழே வைக்கவே இல்லை. பழைய புத்தகம், புதுச் செருப்பு, வெட்டின புல், பென்சில் சீவல், சாவிக்கொத்து பிடித்த கை என்று வரிசை நீண்டது. நடுவில் ஒரு ஜாடியில் வெறும் பஞ்சு. வேலையில் இருக்கும் பழக்கம் விருந்திலும் விடாது.

நான் அண்ணியைப் பெருமையோடு எல்லாருக்கும் அறிமுகப்படுத்தினேன். மூக்கு போய், என் பயிற்சியில் மீண்டு வந்தவர் என்று சொன்னேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. எல்லாரும் கை தட்டி அவரை மேஜைக்கு முன்னால் விட்டார்கள்.

பென்சில் சீவல் ஜாடியை எடுத்தார். குலுக்கினார். மறுபடி குலுக்கினார். திறந்து முகர்ந்தார்.

"கிராம்பு" என்றார்.

சிரித்தார்கள். வேடிக்கை செய்கிறார் என்று நினைத்தார்கள். அடுத்தது வெட்டின புல். "எலுமிச்சை" என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது. மூன்றாவதாக அவர் கை போனது வெறும் பஞ்சு ஜாடிக்கு. நெடுநேரம் முகர்ந்தார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"காபி."

கூடமே அதிர்ந்தது. "வெறும் ஜாடியிலயே காபி போட்டுட்டாங்களே!" என்று எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். வெறும் ஜாடியில் மாட்டுகிறவர்களைப் பார்த்து வருடா வருடம் சிரிப்பதுதான், கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. அண்ணியும் சேர்ந்து சிரித்தார். அடுத்த ஜாடிக்குக் கை நீட்டாமல் அவர் மேஜையைவிட்டு நகர்ந்துகொண்டதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நான்தான் முதலில் பேசினேன்.

"எப்படி அண்ணி நாலையும் சரியா சொன்னீங்க?"

"கிராம்பு குலுங்கும். எலுமிச்சைத் தோல் ஒட்டிக்கும், சத்தம் வராது. தைலம் மூக்குல சுள்ளுனு குத்தும். மிச்சம் காபி. உங்க ஜாடி எதுவும் குலுங்கல, வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன்."

"தெரிஞ்சே என்னை ஏமாத்தினீங்களா?"

"ஏமாத்தணும்னு இல்ல. குலுங்கினதும் கிராம்புன்னு மனசு சொல்லும். சொன்னதும் வாசனையே வந்த மாதிரி இருக்கும். வந்துடுச்சுன்னுதான் நானும் நினைச்சேன். நீ வேற அவ்வளவு சந்தோஷப்பட்டே." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எல்லார் முன்னாடியும் கூட்டிட்டுப் போய் நிக்க வச்சிட்டியே."

காகிதம் சுற்றிக் கண்ணை மறைத்தவள் காதை மறைக்கவில்லை. தைலத்தின் காரம் வாசனையே தெரியாதவர்களுக்கும் குத்தும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். ஆனால் என் பிழைப்பு தண்ணீரோடு. எல்லாத் தண்ணீரும் ஒரே சத்தம்தான் போடும், எதுவும் மூக்கில் குத்தாது. குலுக்கினால் சத்தம் மாறும் என்ற நினைப்பே இந்த மண்டைக்கு வரவில்லை. வெறும் பாட்டில் ஒன்று வைத்திருந்தாலாவது தெரிந்திருக்கும். தினமும் வேலையில் வைக்கிறவள் சொந்த மனுஷிக்கு வைக்கவில்லை. அவர் தேறிவிட்டார் என்று நம்ப எனக்கு அவ்வளவு அவசரம்.

அதற்குப்பின் அண்ணி வீட்டுக்கு வரவில்லை. நான் போனாலும் கதவைத் திறந்து, சௌக்கியமா என்று கேட்டு, வாசலோடு அனுப்பிவிடுவார். நான் பாட்டில்களைப் புதிதாகச் செய்தேன். எல்லாவற்றிலும் ஒரே அளவு பஞ்சு, தைலத்துக்குப் பதிலாக ரோஜா இதழ், கூடவே ஒரு வெறும் பாட்டில். கணவர் கையில் கொடுத்தனுப்பினேன்.

"வாங்கி வச்சுக்கிட்டா. உன்னைப் பத்தி ஒண்ணும் கேக்கல" என்றார் திரும்பி வந்து.

வாங்கி வைத்துக்கொண்டதே பெரிது என்று நினைத்துக்கொண்டேன். இதற்குள் ரொட்டிக் கடை முதலாளி வேறு ஒரு மாஸ்டரைப் பேசி முடித்திருந்தார். அந்தச் சேதியைச் சொல்லத்தான் அண்ணி ஒரு விடுமுறை நாள் காலையில் திடீரென்று வந்தார். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, தம்பியைப் பார்த்தே பேசினார்.

"திங்கட்கிழமை புது ஆள் வர்றாரு. நான் இனிமே முன்பக்கம்தான். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

நான் காபி போட்டுக்கொண்டு வந்து வைத்தேன். என்ன பேசுவது என்று தெரியாதபோது வேறு என்ன செய்வது? அண்ணி டம்ளரை வாய் அருகே கொண்டுபோனார். ஒரு வாய் குடித்தார். அடுத்த நொடி எழுந்து ஓடிப் பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் துப்பினார்.

"என்ன தண்ணியில போட்டே இத? சாக்கடை நாத்தம் நாறுது!"

என்னிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், தண்ணீரைச் சொல்லக் கூடாது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் கணவருக்கும் கோபம் வந்துவிட்டது, அபூர்வமாக வரும்.

"அக்கா, கோபம் இருந்தா திட்டிட்டுப் போ. அதுக்காகக் குடுத்ததத் துப்புவியா?"

நான் டம்ளரை எடுத்து முகர்ந்தேன். நல்ல காபி. அப்போதுதான் உறைத்தது. நாறுகிறது என்றல்லவா சொன்னார்!

"அண்ணி, அங்கயே நில்லுங்க. திரும்பாதீங்க."

"எதுக்கு?"

"நில்லுங்கன்னா நில்லுங்க!"

என் வாழ்நாளில் அண்ணியை அதட்டியது அந்த ஒரு முறைதான். இரண்டு ஜாடிகளில் பஞ்சு வைத்து, ஒன்றில் ஆறின காபி, இன்னொன்றில் வெறும் தண்ணீர் நனைத்தேன். கணவரிடம் கொடுத்து, எனக்கும் தெரியாமல் மாற்றச் சொன்னேன். அவர் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்று, பிறகு புரிந்துகொண்டு, முதுகுப் பக்கம் வைத்து மாற்றினார். கண்ணை மூடச் சொல்லி அண்ணியிடம் நீட்டினோம்.

"இதுல ஒண்ணுமில்ல" என்றார் ஒன்றை. மற்றதைத் திறந்ததும் முகம் கோணிக் குமட்டினார். "இதுதான். எடு, எடு."

மாற்றினோம். மறுபடி சரி. மாற்றாமலே மாற்றியதுபோல நீட்டினோம். அதற்கும் மசியவில்லை. ஒவ்வொரு முறையும் காபி ஜாடியில் குமட்டினார், தண்ணீர் ஜாடியில் நிம்மதியாக மூச்சுவிட்டார். நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன்.

"உங்களுக்கு மூக்கு வந்துடுச்சு அண்ணி!"

"இதுவா மூக்கு வர்ற லட்சணம்? நேத்து கடையில நின்னப்பகூட ஒண்ணும் வரல."

டாக்டர் இதையும் அன்று சொல்லித்தான் இருந்தார், நான்தான் காதில் வாங்கவில்லை. மூக்கு நரம்பு மறுபடி வளரும்போது இணைப்பெல்லாம் முதலில் தப்புத் தப்பாகப் போட்டுக்கொள்ளும். வறுத்தது, சுட்டது, காபி, வெங்காயம் எல்லாம் நாற்றமாக வரும். நாள் போகப் போகச் சரியாகலாம். அண்ணிக்கு விளக்கிச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது. பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு சுருங்கியது.

"சுட்டதுன்னா? ரொட்டியுமா?"

ஒரு துண்டு ரொட்டியை வாட்டி எடுத்து வந்தேன். அறைக்குள் நுழையும் முன்பே அவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். வாசனை போனபோதுகூட அழாதவர்.

"செத்த எலி மாதிரி வருது. என் ரொட்டி. இந்த மூக்க வச்சிக்கிட்டு நான் எப்படி அடுப்புகிட்ட நிப்பேன்? வராமயே இருந்திருக்கலாம்."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் பாதி அழுகையில் யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குழுவுக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவரும் ஒரே வாடைக்கு ஒவ்வொரு பேர் வைப்பார்கள். பாசியை ஒருவர் பச்சை மீன் என்பார், ஒருவர் ஈரக் கோணி என்பார். நான் திருத்த மாட்டேன். அதே வாடை வரும்போதெல்லாம் அவர் அதே பேரைச் சொல்கிறாரா என்று மட்டும் பார்ப்பேன். சொன்னால் அந்த மூக்கை நம்பலாம்.

"நாறட்டும் அண்ணி" என்றேன். "எப்ப எப்படி நாறுதுன்னு போய்ப் பாப்போம்."

அன்று பிற்பகலே ரொட்டிக் கடைக்குப் போனோம். முதலாளி நம்பிக்கையில்லாமல்தான் கேட்டார். ஆனாலும் ஒரு தட்டை அடுப்பில் வைக்கச் சொன்னார். மாவு பிசைகிறவர் வைத்துவிட்டுக் கதவருகே நின்றார். அண்ணி அடுப்புக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றார். கடிகாரம் தெரியக் கூடாது என்று அவரே கேட்டுக்கொண்டார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு அவர் தோள் குறுகியது. "ஈரத் துணி" என்றார். கொஞ்சம் கழித்து, "எலி, எலி வந்துடுச்சு." குமட்டிக்கொண்டு, "எடுத்துடுங்க!" என்றார்.

எடுத்தார்கள். ரொட்டி வெளிறிக் கிடந்தது. முதலாளி ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"தாங்க முடியல. அதான் அவசரப்பட்டுட்டேன்" என்றார் அண்ணி. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடுத்தத வைங்க."

அடுத்தது. ஈரத் துணி வந்தது, எலி வந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். நெற்றி வியர்த்தது. எனக்கு அங்கே வீசிய வாசனையில் நாக்கில் நீர் ஊறியது. அந்த நேரத்தில் அதற்காக வெட்கமாகவும் இருந்தது. எங்கள் வேலையில் முகத்தைக் காட்டக் கூடாது என்று சொன்னேன் அல்லவா, நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திடீரென்று அண்ணி தலையை நிமிர்த்தினார்.

"மாறிடுச்சு. எலி போய் முடி கருகுற வாடை. இப்ப வந்தது, இப்பதான். எடுங்க."

தட்டு வெளியே வந்தது. முதலாளி குனிந்து பார்த்தார். ஒன்றைக் கவிழ்த்து அடியில் தட்டினார். நன்றாக வெந்த ரொட்டியின் டொக்கென்ற வெற்றுச் சத்தம் கேட்டது. ஓரம் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு, அடுப்பின் மந்தமான பக்கத்தில் அடுத்த தட்டை வைக்கச் சைகை காட்டினார். அங்கே நேரம் கூடுதலாகப் பிடிக்கும் என்று அவருக்கும் தெரியும். அண்ணியை நகரக் கூடாது என்று மட்டும் சொன்னார்.

அந்தத் தட்டு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது. பிசைகிறவர் இரண்டு முறை கதவின் பக்கம் கையைக் கொண்டுபோனார். அண்ணி "இல்ல, இன்னும் எலிதான்" என்றார். கடைசியில் அவர் "இப்ப" என்றபோது எடுத்த ரொட்டி முன்னதைவிட நன்றாக இருந்தது.

"திங்கட்கிழமை வர்ற ஆள சாயங்கால வேலைக்கு வச்சுக்கலாம்" என்றார் முதலாளி பிசைகிறவரிடம், ஏதோ பாத்திரம் கழுவுவதைப் பற்றிச் சொல்கிறமாதிரி. "காலையில மாஸ்டரே பாப்பாங்க."

அண்ணி உடனே திரும்பவில்லை. சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு வந்து, சூடான தட்டைத் துணியால் பிடித்து அவரே முன்பக்கம் எடுத்துக்கொண்டு போனார். ஒரு ஓரமாகத் தலையைத் திருப்பியபடி, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு ரொட்டிகளை அடுக்கினார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, நாற்றத்தாலா அழுகையாலா என்று எனக்குத் தெரியவில்லை.

கடை வாசலில் பையோடு ஒரு பெரியவர் நின்றிருந்தார். கண்ணை மூடி ஆழமாக மூச்சை இழுத்தார்.

"ஆஹா. தெருமுனை வரைக்கும் வருதும்மா வாசனை" என்றார்.

அண்ணி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தார்.

"எனக்கும் வருதுங்க" என்றார்.